தண்ணீர்ப் பைக்கும் எடை உண்டு

படகு இழுத்துச் செல்லப் பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் வேக்போர்டிங் விளையாட்டுக்குப் பெரிய அலை எழுப்பச் சிறு படகினுள் நிரப்பி வைக்கும் தண்ணீர்ப் பைகள், நீரின்மேல் நீர் என்பதால் சுமைக் கணக்கில் சேரா என்று ஒரு நண்பர் எழுதியுள்ளார். அது சரியன்று. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 200 லிட்டர் பை, ஏறத்தாழ மூன்று பெரியவர்கள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். படகு அந்த எடைக்கேற்ப அமிழ்வதால்தான் அலையே பெரிதாகிறது (எடை சேராவிட்டால் பையை வைத்து என்ன பயன்?). ஆகவே, படகின் கொள்ளளவுத் தகட்டில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் சேர்த்துக் குறித்திருக்கும் உச்ச எடைக்குள் பையும் அடங்க வேண்டும்.

ஐயமுள்ளோர், கேரளத்தின் பூவாறு காயலோரம் கட்டிக் கிடக்கும் சிறு படகொன்றில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, வெளிப்பக்கம் நீர்மட்டத்தில் டேப் ஒட்டிவிட்டு, உள்ளே நான்கைந்து நிறைகுடங்களைப் பரவலாக வைத்துப் பார்க்கலாம். டேப் நீருக்குள் இறங்கிவிடும்.