பொது உறுப்பினர் சம்பிரதாயத்துக்கானவர் அல்லர்
மருத்துவ, உயிரியல் ஆய்வுகளில் எது முறை, எது முறையல்ல என்று அரசுக்குச் சொல்லும் உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழுவுக்கு மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் போதும், துறை சாராத பொது உறுப்பினர் வெறும் சம்பிரதாயமே என்ற கட்டுரையாளரின் கூற்றை ஏற்க இயலவில்லை. மருந்துப் பரிசோதனைகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களில் குறைந்தது 7 பேர், அவர்களுள் பாதிப் பேராவது குழு அமைந்துள்ள நிறுவனத்தைச் சாராதவர்கள், ஒரு பெண், ஒரு பொது உறுப்பினர் இருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் விதிகளே கூறும்போது, அவற்றுக்கெல்லாம் மேலிருந்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கு மட்டும் அது ஏன் வேண்டாம்? குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்தின் பெரும் பரிசோதனை தில்லி, புனேயுடன் எங்கள் வேலூரிலும் நடந்தது என்பதால், இது எங்களுக்குத் தொலைதூர விவகாரம் அல்ல. நான் பங்கேற்ற ஒரு குழுவில், பரிசோதனையில் சேருவோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் வாசகங்களை வல்லுநர்கள் வரிவரியாக அலசிக்கொண்டிருந்தபோது, குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர், பொது உறுப்பினராக வந்தவர், “ராத்திரியில குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா ஆட்டோ காசு யார் சார் குடுப்பாங்க?” என்று கேட்டார், அந்தச் செலவு திட்ட மதிப்பீட்டில் எங்குமே இல்லை. கோளாறு பொது உறுப்பினர் என்ற இடத்தில் இல்லை. பழக்கத்தின் பேரில் ஓய்வுபெற்ற அதிகாரிகளையே (நல்லவர்கள்தாம், மறுக்கவில்லை) அதில் உட்கார வைப்பதில் இருக்கிறது. பரிசீலனையில் உள்ள பெயர்களை முன்கூட்டியே வெளியிட்டு, மருந்து நிறுவனங்களுடன் அவர்களுக்குள்ள தொடர்பை எழுத்தில் வாங்கிய பிறகே நியமிக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியையும் கொடுத்தாக வேண்டும்.