கலோரியைக் கூட்டிக் குறைக்கலாம், புரதத்தை ஏன் தொடுகிறீர்கள்?

ஜிம்மில் பயிற்சியைவிட அதிகம் பேசப்படுவது சாப்பாடு. அதிலும் இப்போது அடிக்கடி காதில் விழுவது ‘சைக்கிளிங்’. சில நாள் புரதம், கலோரி இரண்டையும் ஏற்றுவது, சில நாள் இரண்டையும் அடியோடு இறக்குவது. காயப்போட்டுவிட்டுக் கொடுத்தால் உடம்பு புரதத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், தசை வேகமாக வளரும் என்கிறார்கள். இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

கலோரி விஷயம் சரி. வெயிட் தூக்கும் நாளில் தசையில் இருக்கும் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து, செலவாகிறது. அன்றைக்கு மாவுச்சத்தைக் கூட்டினால் பயிற்சியும் தெம்பாக நடக்கும், செலவான கிளைகோஜனும் நிரம்பும். ஆனால் வாரக் கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. பயிற்சி இருக்கும் 4 நாளும் தேவைக்கு மேல் 400 கலோரி, மீதி 3 நாளும் 500 குறைவு என்று வையுங்கள். கூட்டிக் கழித்தால் வாரத்துக்கு மிஞ்சுவது 100 கலோரி! அப்புறம் எடை ஏறவில்லை என்று புலம்பி என்ன பயன்?

புரதத்துக்கு வருவோம். கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோலப் புரதத்தைச் சேமிக்க உடம்பில் தனிக் கிடங்கு கிடையாது. வரத்து குறைந்தால் உடம்பு, புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களை எரிப்பதைக் குறைத்துக்கொள்ளும், தசையிலும் கொஞ்சம் கைவைக்கும். மறுபடி நிறையக் கொடுக்கும்போது சில நாள் கூடுதலாகத் தங்குவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி போனது திரும்பி வருவதுதானே? அதை லாபக் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு தசையில் புரதம் கட்டப்படும் வேகம் 24 முதல் 48 மணி நேரம்வரை உயர்ந்தே இருக்கும். அதாவது ‘ரெஸ்ட் டே’ என்று நாம் படுத்துக்கிடக்கும் நாளில்தான் உள்ளே வேலை நடக்கிறது. அன்றைக்குப் பார்த்துப் புரதத்தை வெட்டுவதில் என்ன அர்த்தம்?

அளவும் ஒன்றும் பயங்கரமில்லை. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான பகுப்பாய்வில், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். வேண்டுமானால் கிலோவுக்கு 2.2 கிராம்வரை போகலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர் என்றால் கலோரி சைக்கிளிங்கும் இப்போதைக்கு வேண்டாம். முதல் வருஷம் ஒரே அளவில் சாப்பிட்டு, தூக்கும் எடையைப் படிப்படியாக ஏற்றினாலே தசை வரும்.