புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும்

திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில் நூலகப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. புத்தகக் கண்காட்சி நடத்த ஆரம்பித்து இது மூன்றாவது வருஷம். சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நாலு காசு புழங்கும் மாசியில்தான் வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வைத்தால் பிள்ளை கையில் பத்து ரூபாய்கூட இருக்காது.

முதல் வருஷம் வந்த விற்பனையாளர் இறக்கியதில் பாதிக்கு மேல் கைடும் வினா வங்கியும். ஆசிரியர்களும் அதையே வாங்கச் சொன்னோம். வாங்கினார்கள். யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் தஞ்சாவூர் போய் நாங்களே பொறுக்கி எடுத்தோம். பெரும்பாலும் ஐம்பது ரூபாய்க்குள். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அட்டைப்படம் தெரிகிற மாதிரி பரப்பினோம். பழைய மாணவர்கள் தந்த பணத்தில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் டோக்கன். யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாம்புகள் பற்றிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இது எதுக்குடா? பொது அறிவு எடு" என்றார் எங்கள் சக ஆசிரியர் ஒருவர். அவன் முகம் சுருங்கிவிட்டது. நான்தான் "இருக்கட்டும் சார், அவன் எடுத்ததே இருக்கட்டும்" என்றேன்.

மறுவாரம் அவன் அப்பாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "டீச்சர், சாரை வேற சாதி, அது நல்லபாம்போட ஆம்பள இல்லைங்கிறானே, நெசமா?" நிஜம்தான் என்றேன். சாரை விஷமில்லாதது, வயல் எலியைத் தின்பது என்றும் சொன்னேன். "எத்தனை சாரையை அடிச்சிருக்கோம்" என்று அந்த அம்மா கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் ராத்திரி அவன் வாசிக்க, மூன்று பேர் கேட்கிறார்களாம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதே வருஷம்தான் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அப்படிப்பட்ட மண்ணில், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் நூலகப் பீரோவைப் பூட்டிச் சாவியை மேசைக்குள் வைத்திருக்கும் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. தொலையட்டும். கிழியட்டும். கறையான் தின்பதற்குப் பிள்ளை கிழிப்பது எவ்வளவோ மேல்.

"பாடப்புத்தகத்தையே தொட மாட்டேங்குது, இதுல இது வேறயா" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கண்காட்சி நாளில் அரை மணி நேரம் வந்து, தள்ளி நின்று, உங்கள் பிள்ளை எந்தப் பெஞ்சுப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள் என்கிறேன். போன தடவை பதினோரு பேர் வந்தார்கள். இந்த மாசிக்குத் தேள், பூரான் பற்றி இருக்கிறதா என்று அந்தப் பையன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறான். தமிழில் எளிமையாக எழுதிய புத்தகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாங்கி வைக்க வேண்டும்.