அறிவியல் தினக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வையுங்கள்

பிப்ரவரி 28 வந்தால் நம் பள்ளிகளில் தேசிய அறிவியல் தினக் கூட்டம் நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பேசுவார். வேலை நாள், காலை பத்தரை மணி, கேட்பவர்கள் மாணவர்கள் மட்டும். அப்படி ஒன்று நடந்ததே ஊருக்குத் தெரியாது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

பின்னாளில் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே 1812இல் லண்டனில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில்தான் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்துக்குப் போய், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருடமே அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. 1825இல் இளம் வயதினருக்காக அங்கே தொடங்கிய கிறிஸ்துமஸ் அறிவியல் உரைகளைப் பின்னாளில் பல வருடம் நிகழ்த்தியவரும் அவர்தான்.

சரி, நம் சி.வி. ராமன்? ஆரம்பத்தில் பகலில் கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. ஆபீஸ் முடிந்ததும் ஆராய்ச்சிக்குப் போன இடம், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அறிவியல் கழகம். பொதுமக்களுக்கு அறிவியல் உரைகள் நடத்துவதும் அதன் நோக்கம். ஒளிச்சிதறல் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பான ராமன் விளைவு பிறந்ததும் அங்கேதான்; அதை நினைவுகூரத்தான் இந்த அறிவியல் தினம்.

ஒரு பள்ளியில் மாலையில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பேச வந்தவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். எழுந்த வெள்ளைப் புகையில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே, தீக்குச்சியைக் காட்டினார். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது. எரிவது மெழுகின் ஆவி என்று அவர் சொல்வதற்குள் பிள்ளைகள் கத்திவிட்டார்கள். ஃபாரடே காட்டிய அதே சோதனை.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு வெல்டர் எழுந்தார். "கேஸை மட்டும் திறந்தா மஞ்சளா எரிஞ்சு கரியா கக்குது. ஆக்சிஜன் விட்டா நீலமாயிடுது. ஏன் சார்?" அன்றைக்கு வந்த ஆகச்சிறந்த கேள்வி அது. மஞ்சள் ஒளி, முழுதாக எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வது; ஆக்சிஜன் போதுமான அளவு கிடைத்தால் கரி மிஞ்சுவதில்லை. மெழுகுவத்தியில் மஞ்சள் தெரிவதும் இதனால்தான் என்று பேச்சு திரும்பியது. அந்த வெல்டரின் பிள்ளை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. காலை பத்தரைக்கு வைத்திருந்தால் அந்த மனிதர் பட்டறையில் இருந்திருப்பார்.

தலைமையாசிரியர்களே, பெரிய செலவில்லை. நோட்டீஸை டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டுங்கள். சால்வை, வரவேற்புரையைக் குறைத்து, பாதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள். தமிழில் பேசுகிறவரைக் கூப்பிடுங்கள். ஒரே வருடத்தோடு விடாமல் பக்கத்துப் பள்ளிகள் முறைவைத்து நடத்தினால், எந்தப் பள்ளிக்கும் பாரமாக இருக்காது. நாற்காலி போட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.