டி டிரைவில் 400 ஜிபி காலி, ஆனாலும் இடம் இல்லையாம்!

"எந்த ஃபோல்டரில் போடட்டும்?" என்று பவ்யமாகக் கேட்கிறதே, விண்டோஸில் மென்பொருளை நிறுவித்தரும் இந்த இன்ஸ்டாலர், எதற்கு அந்த நாடகம்? டி டிரைவைக் காட்டுகிறோம். சரி என்று தலையாட்டுகிறது. பாதி தூரம் ஓடிவிட்டு, "சி டிரைவில் இடம் போதவில்லை" என்று மூஞ்சியில் அடிக்கிறது.

பொட்டலமாக வரும் இன்ஸ்டாலர்களில் பெரும்பாலானவை முதலில் தங்களை டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் அவிழ்த்துக்கொள்ளும். அந்த டெம்ப் இருப்பதோ சி-யில், யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல். எம்எஸ்ஐ (.msi என்று முடியும் ஃபைல்) வகையாக இருந்தால் இன்னொரு கூத்து: அதன் நகல் ஒன்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். வருஷக்கணக்கில் வீங்கும். குப்பைதானே என்று அதை அழித்துவிடாதீர்கள். பிறகு அந்த மென்பொருளை அப்டேட்டும் செய்ய முடியாது, ஒழுங்காக நீக்கவும் முடியாது.

ஃபோன் ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைப் பாருங்கள். புரோகிராம் சமர்த்தாக டி-க்குப் போய்விடும். எஸ்டிகே (ஆப் கட்டும் கருவிப்பெட்டி), கிரேடில் கேஷ் (ஆப் கட்ட இறக்கிய ஃபைல்களின் சேமிப்பு), எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலி ஃபோன்) மூன்றும் சொல்லாமல் கொள்ளாமல் சி-யில் யூசர் ஃபோல்டருக்குள். வயிறு பெருத்தவை இந்த மூன்றும்தான்! எஸ்டிகே இடத்தை செட்டப்பிலேயே மாற்றலாம். மற்ற இரண்டுக்கும் தனித்தனி என்விரான்மென்ட் வேரியபிள் (எது எங்கே என்று புரோகிராம்களுக்குச் சொல்லும் விண்டோஸ் குறிப்பு) வைக்க வேண்டும். இதை இன்ஸ்டால் செய்யும்போதே ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

டெம்ப் தொல்லைக்கு வழி இருக்கிறது. என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் 'டெம்ப்', 'டிஎம்பி' இரண்டையும் டி-யில் ஒரு ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு, சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிக் கிணறுதான். ஹைபர்னேஷன் (திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினி அணைவது) வேண்டாதவர்கள் அதை நிறுத்தினால், 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் வழக்கமாக சி-யில் 6 ஜிபிக்கு மேல் மிஞ்சும். கூடவே கணினியைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. விண்டோஸ் புது பதிப்புக்கு மாறியிருந்தால் பழையது 10 நாள் சி-யிலேயே கிடக்கும். ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் டெம்பரரி ஃபைல்ஸ் போய் அழிக்கலாம். அழித்தபின் பழையதற்குத் திரும்ப முடியாது.

இதையெல்லாம் விட எரிச்சல், "டி-யைச் சுருக்கி சி-யைப் பெருக்குங்கள், 2 நிமிஷ வேலை" என்று அடித்துவிடும் வீடியோக்கள். டி-யைச் சுருக்கினால் இடம் டி-யின் வால் பக்கம்தான் விடுபடும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யை நீட்ட, சி-யை ஒட்டி வலப்பக்கம் காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் நீட்டுவதற்கான 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' அழுத்த முடியாமல் மங்கலாகவே கிடக்கிறது. டி-யையே மொத்தமாக நீக்கினாலும், இடையில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய டிஸ்க் பகுதி) நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தால் அப்போதும் மங்கல்தான். பார்ட்டிஷனை நகர்த்தும் வேறு மென்பொருள் வேண்டும். அதற்கு முன் முழு பேக்கப் வேண்டும். டி வேறொரு ஹார்ட் டிஸ்க் என்றால் அந்த வழியும் கிடையாது.

அந்த நகர்த்தும் மென்பொருளை எங்கே இன்ஸ்டால் செய்வது? சி-யில்தான்!