பார்சல் வந்துச்சு, உள்ள ஒண்ணும் இல்ல

நியூ ஜெர்சியில 2024 டிசம்பர்ல ஒரு கேன்சர் சென்டர் அனுப்புன ஜெர்மானியம்-68ங்கிற கதிரியக்கப் பொருள் பார்சல் டேமேஜ் ஆகி காலியா போய் சேர்ந்த விஷயத்த உங்க போஸ்ட்ல நல்லாவே எழுதியிருக்கீங்க, ஆனா கீழ கமெண்ட்ஸ்ல பாதி பேரு அணுகுண்டு ரேஞ்சுக்கு பயப்படுறாங்க. அப்ப அங்க ராத்திரில ட்ரோன் பறக்குதுன்னு வேற பீதி, அங்க உள்ள பெல்வில்ங்கிற ஊரோட மேயரே இதத் தேடித்தான் ட்ரோன் சுத்துதோன்னு டிவில பேசி கிளப்பி விட்டுட்டாரு. அந்த பார்சல்ல இருந்தது, பெட் (PET) ஸ்கேன் மெஷின் சரியா அளக்குதான்னு பாத்து கேலிபரேட் பண்ற மெல்லிசான ஒரு குச்சிங்க. சுமார் 271 நாளுக்கு ஒருதடவ அதோட வீரியம் பாதியாயிடும். அதுக்காக யாராவது எடுத்து பாக்கெட்ல போட்டுக்கலாம்னு சொல்லல.

நிஜமாவே பயப்பட வேண்டியது 2013 மெக்சிகோ கேஸ். டிஹுவானா ஆஸ்பத்திரியோட பழைய ரேடியோதெரபி (கதிர்வீச்சு சிகிச்சை) மெஷின்ல இருந்த கோபால்ட்-60ங்கிற கதிரியக்கப் பொருள், 3000 க்யூரி (கதிரியக்கத்த அளக்குற யூனிட்) கிட்ட, லாரில போகுது, வழில பெட்ரோல் பங்க்ல நிறுத்தி டிரைவர் ரெஸ்ட் எடுக்குறப்ப துப்பாக்கிய காட்டி லாரியவே தூக்கிட்டானுங்க. ரெண்டு நாள் கழிச்சு வயக்காட்டுல கிடைச்சுது, அதுவும் ஈயக்கவசத்த விட்டு வெளிய எடுத்து! உள்ள என்ன இருக்குன்னு திருடுனவனுக்கே தெரிஞ்சிருக்காது, பாவம்.

என் கேள்வி ஒண்ணுதான். இந்த மாதிரி சரக்க சாதா பார்சலோட பார்சலா ஏன் உருட்டணும்? கவசத்தோட சேர்த்தா நல்ல கனம் இருக்கும், கைமாறுற ஒவ்வொரு எடத்துலயும் சீல பாத்து, எடை போட்டு, ஒரு கதிர்வீச்சு மீட்டர வச்சு பாத்தாலே எங்க காணாம போச்சுன்னு அன்னிக்கே தெரிஞ்சிடுமே. அத ஏன் கட்டாயமாக்கக் கூடாது?