மூச்சு வாங்காத குரல்

"கணினி பாடினால் ஆச்சரியம் வரும், துயரம் வராது" என்று கணினிப் பாட்டு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜப்பானிய இசையமைப்பாளர் கெய்ச்சிரோ ஷிபுயாவின் 'தி எண்ட்' என்ற ஒபராவையே (மேற்கத்திய இசை நாடகம்) எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் ஜப்பானின் யமகுச்சியில் அரங்கேறி, அடுத்த வருடம் பாரிஸின் ஷாத்லே அரங்குக்குப் போனது. மேடையில் பாடகர் இல்லை, வாத்தியக் குழுவும் இல்லை. பெரிய திரைகளில் தோன்றுவது ஹட்சுனே மிக்கு என்ற வோக்கலாய்ட் (பாடும் மென்பொருள்) உருவம். பாட்டு முழுவதும் அவளுடையது. அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "நான் செத்துப்போவேனா?"

அந்தக் குரலுக்கு மூச்சு கிடையாது. ஒரு நடிகையின் குரலில் பதிவு செய்த ஒலித்துணுக்குகளை மென்பொருள் ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான். மூச்சே இல்லாதவள் சாவைப் பற்றிக் கேட்கும்போது வயிற்றை ஏதோ செய்கிறது. மனிதப் பாடகி என்றால் குரல் தழுதழுக்கும், நாமும் சேர்ந்து அழுது பாரத்தை இறக்கிவிடுவோம். இங்கே குரல் உடையவே மாட்டேன் என்கிறது. அதனால் பாரம் நம்மிடமே தங்கிவிடுகிறது. (நான் பார்த்தது காணொளித் துண்டுகள்தான், அதுவும் ஹெட்போனில். அதற்கே இப்படி.)

ஷிபுயா 2008இல் மனைவியை இழந்தவர். அதை அறிந்தபின், மேடையில் ஒரு சின்னக் கூண்டுக்குள் கணினியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் அவரைத்தான் என் கண் தேடுகிறது. மிக்குவுக்குப் போட்டிருக்கும் கட்டம் போட்ட லூயி வுட்டான் நிறுவன உடைகள் மட்டும் எனக்கு உறுத்தல். சாகப்போகிறவளுக்கு விளம்பரம் எதற்கு?